உடுப்பு மெஷின் ஓடாத பங்குனி

2019 பங்குனி 9, அதாவது மார்ச் 9, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழும்பினேன். மழை, தெற்குக் காற்று. தேத்தண்ணி குடித்துவிட்டு வெள்ளை உடுப்புகளை மெஷினில் போட்டேன். மகனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வரும் வழியில் பாலும் கறுத்தப் பாணும் வாங்கினேன். உடுப்புகளை எடுத்து விரித்துக்கொண்டிருந்தபோது கோல்டிங்கிலிருந்து ரஞ்சன் அண்ணையின் மனைவி வசந்தி அக்காவின் தொலைபேசி வந்தது.

என் நாட்குறிப்பில் இதுவரை உள்ள வரிகளை எந்தச் சனிக்கிழமைக்கும் எழுதலாம். அதற்குக் கீழே உள்ள வரி மட்டும் வேறு: "ரஞ்சன் அண்ணையின் பெட்டி போய்விட்டது. அக்காவிடம் சொன்னேன். மீண்டு வருமா என்று கேட்டேன். தெரியாது என்றார்."

வசந்தி அக்கா அல்ல, அந்த மற்ற அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் எழுதப் போவதில்லை. டென்மார்க்கில், வைலே நகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஆஸ்பத்திரிகளின் கணினிகளைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. கணவர், மகள், மகன். சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு நோர்வேக்குப் போய்விட்டார். எங்கள் ஆட்கள் அவரை அவர் காதுபடவே "தெரியாதக்கா" என்பார்கள். அவர் அதற்குக் கோபித்ததில்லை. "வேறை என்னெண்டு கூப்பிடுறது, அதுதானே சொல்லுறன்" என்பார்.

எங்களிடையே ஆறுதல் சொல்வது கைகுலுக்குவது மாதிரி. வேலை போனவரிடம் "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, இதைவிட நல்லது கிடைக்கும்" என்போம். காய்ச்சல்காரரிடம் "ரெண்டு நாளிலை மாறியிடும்" என்போம். டெனிஷ்காரரும் இதில் எங்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. என் வேலையிடத்தில் லொறி பிந்தினாலும் மேலாளரின் மனைவி விட்டுப் போனாலும் ஒரே சொல்தான்: "டெ கோ நொக்." எப்படியும் சரியாகிவிடும் என்று அர்த்தம். அக்கா இரண்டு மொழியிலும் அதைச் சொல்லமாட்டார். செத்தவீட்டுக்கு வந்தால் யாருடைய கையையும் பிடித்துக் கதைக்கமாட்டார். குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்குவார். கடைசி ஆள் போகும்வரை கழுவுவார்.

ஏன் இப்படி என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். சண்டைக் காலத்தில் யாரையோ எதிர்பார்த்திருந்தவர் என்றார் ஒருவர். முதல் பிள்ளை தங்கவில்லை என்றார் இன்னொருவர். நான் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன்.

"அப்பிடி ஒண்டுமில்லை. தெரியாததைத் தெரியாது எண்டுறன். இதுக்கு ஒரு கதை வேணுமோ?"

அவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ரஞ்சன் அண்ணையை யூட்லாந்தில் தெரியாத தமிழர் இல்லை. கிழமை நாட்களில் கோல்டிங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறுகளில் கமரா. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் கலியாணவீடுகள், சாமத்தியவீடுகள், செத்தவீடுகள் எல்லாம் அவருடைய கமராவுக்குள்ளால் போனவைதான். பழைய கசெட்டுகள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும் வீடு வீடாகப் போய் வாங்கி, கணினிக்கு மாற்றி, ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தார். பெட்டிக்குள் நான்கு டிஸ்குகள். ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றிலும் உள்ளதை வைத்து அதில் இருந்ததைத் திரும்ப உண்டாக்கலாம், அப்படி அமைத்த பெட்டி. மாற்றி முடிந்த கசெட்டுகளை என்ன செய்வது என்று சனங்கள் கேட்டபோது அவரே காரில் ஏற்றிக்கொண்டுபோய் நகரசபையின் கழிவு நிலையத்தில் போட்டார். "இனி இது என்ரை பொறுப்பு" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். எங்கள் வீட்டிலும் சொன்னார்.

பெட்டி நிறைந்துவிட்டது. பெரிய டிஸ்குகள் நான்கு வாங்கினார். ஒன்றைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். மற்ற மூன்றையும் வாசித்துப் பெட்டி புதியதை நிரப்பும். அது முடிந்தபிறகுதான் அடுத்ததைத் தொடலாம். இது ரஞ்சன் அண்ணைக்கு நன்றாகத் தெரியும்.

வசந்தி அக்கா அழைத்ததும் நான் இந்த அக்காவை ஏற்றிக்கொண்டு கோல்டிங்குக்குப் போனேன். ரஞ்சன் அண்ணை சோபாவின் நுனியில் இருந்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா கோட்டைக் கழற்றாமலே சுவரடியில் குனிந்து பெட்டியின் பிளக்கைக் கழற்றினார். பிறகுதான் நிமிர்ந்து, "என்ன நடந்தது? நடந்த மாதிரியே சொல்லுங்கோ" என்றார்.

"நேற்றுப் பின்னேரம் முதல் டிஸ்கை மாத்தினனான், தங்கச்சி. காலமை எழும்பிப் பாத்தால் அரைவாசிதான் முடிஞ்சிருக்கு. ரெண்டாவதைப் பின்னேரம் மாத்துவம் எண்டுதான் இருந்தனான்."

"பேந்து?"

அவர் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்துக் கலண்டரைப் பார்த்தார். வசந்தி அக்காதான் சொன்னார்.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். பின்னேரம் மரணயோகம் வேறை. அதுக்கு முந்தி பேருக்குத் தொடக்கி வைப்பம் எண்டு இவர் ரெண்டாவதை இழுத்துப்போட்டுப் புதுசை வைச்சவர்."

எனக்கு அது புரிந்தது. எங்களில் யாருக்கும் புரியும். புதுவீட்டுக்குப் போக நாள் சரியில்லை என்றால் முதல்நாளே உப்பும் மஞ்சளும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம். பயணம் கூடாத நாளில் பெட்டியை மட்டும் முன்னதாகவே பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, நாங்கள் பிறகு போவோம். நல்ல நேரத்தில் தொட்டுவிட்டால் வேலை தொடங்கியதாகக் கணக்கு. ரஞ்சன் அண்ணை டிஸ்கையும் அப்படித்தான் தொட்டார். முதலாவது அரைகுறையாக இருக்கையில் இரண்டாவதையும் இழுத்ததில் பெட்டி முழுதாக விழுந்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"எத்தினை மணிக்கு இழுத்தனீங்கள்?"

"எட்டு ஐம்பது. மணிக்கூட்டைப் பாத்துத்தான் இழுத்தனான். நல்ல நேரந்தான், தங்கச்சி."

"நல்லது" என்றார் அக்கா. அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. ரஞ்சன் அண்ணையின் முகம் ஒரு கணம் தெளிந்தது. ஆனால் அக்கா சொன்னது சாத்திரத்தை அல்ல. இழுத்த நேரம் சரியாகத் தெரிந்தால், அதற்குப் பிறகு பெட்டி எதை மாற்றி எழுதியது என்று பிரித்துப் பார்க்கலாம்.

"கழட்டின முதல் டிஸ்க் எங்கை?"

ரஞ்சன் அண்ணை கமராப் பையைப் பார்த்தார். அன்று பின்னேரம் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் படம் எடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். பழைய டிஸ்க் வீணாகக் கிடக்கிறதே என்று, இரவே அதைத் துடைத்து வெறுமையாக்கிக் கமராப் பைக்குள் வைத்துவிட்டார்.

"அப்ப மிச்சம் மூண்டும் வேணும்" என்றார் அக்கா. "மூண்டிலை ஒண்டு குறைஞ்சாலும் ஏலாது."

"வருமோ, தங்கச்சி?"

"தெரியாது."

"நூற்றுக்கு எத்தினை வீதமெண்டாவது..."

"தெரியாது, அண்ணை."

வசந்தி அக்காவுக்குத் தாங்கவில்லை. "அப்பிடிச் சொல்லாதேங்கோ. மனுசன் காலமை தொடக்கம் ஒண்டும் வாயிலை வைக்கேல்லை."

"சாப்பிடச் சொல்லுங்கோ. சாப்பிட்டால் பசி போகும். அது எனக்குத் தெரியும்."

டிஸ்குகளில் ஒட்டுநாடா ஒட்டி எண் எழுதி, துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் வேகத் தடைகளில் மட்டும், "மெதுவா" என்றார்.

அவர் வீட்டுப் பின்கதவுப் பக்கம் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று இருந்தது. சூடாக்கி இல்லாத அறை. அங்கே ஒரு மேசையைப் போட்டு டிஸ்குகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்கத் தொடங்கினார். மூலத்தில் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது, பிரதியில்தான் எதையும் முயன்று பார்ப்பது. அது அவருடைய ஒழுங்கு. இரண்டு டிஸ்குகள் பிரச்சினையில்லாமல் வந்தன. மூன்றாம் எண் எழுதியது ஏற்கனவே நோயாளி, யாரும் கவனிக்கவில்லை. சிறிது வாசிக்கும், சூடாகும், கிட்டிக் கிட்டி என்று சத்தம் போடும், நின்றுவிடும். ஆறவைத்து மீண்டும் தொடங்க வேண்டும். அதற்காக யன்னல் திறந்தே இருந்தது. பங்குனிக் குளிர் உள்ளே வந்தது.

அதே அறையில்தான் உடுப்பு மெஷின். அது சுழலும்போது தரை அதிரும். டிஸ்க் மேசையில் இருக்கும்வரை மெஷின் ஓடக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். மேசையில் எவ்வளவு காலம் இருக்கும் என்று கணவர் கேட்டாராம். என்ன பதில் வந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அதனால் அவர்கள் வீட்டு அழுக்கு உடுப்பெல்லாம் பெரிய நீலப் பைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும். எங்களுடையது, அவர்களுடையது என்று நான் நேரம் பிரித்துப் போட்டேன். மகள்தான் பெரும்பாலும் பையைக் காவிக்கொண்டு வருவாள், பதினாறு வயது.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீ மோ ஸே" என்றாள். பார்ப்போம் என்பதற்கு டெனிஷ். பிறகு தானே சிரித்தாள். "அது நான் சொல்லுறது. அம்மா அதுகூடச் சொல்லமாட்டா."

செய்தி பரவிவிட்டது. தொலைபேசிகள் ரஞ்சன் அண்ணைக்குப் போய், அவர் எடுக்காததால் எனக்கு வந்தன. எல்லோரும் முதலில் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்கள். வைலேயில் கடை வைத்திருப்பவர் நேரே அக்காவின் வீட்டுக்கே போய்விட்டார். நானும் பையோடு அங்கே நின்றேன்.

"தங்கச்சி, மற்றதுகள் ஆறுதலா வரட்டும். என்ரை மகளின்ரை கலியாணத்தை மட்டும் முதல் எடுத்துத் தாங்கோ."

"டிஸ்குக்கு அது ஆற்றை கலியாணம் எண்டு தெரியாது, அண்ணை."

"பேர் எழுதித்தானே வைச்சிருக்கிறான் ரஞ்சன்?"

"எல்லாற்றை கலியாணத்தையும் துண்டு துண்டா வெட்டி நாலு டிஸ்கிலையும் பரப்பித்தான் அது வைச்சிருக்குது. உங்கடை மகளின்ரை தாலி ஒண்டிலை, மாலை இன்னொண்டிலை. முழுக்க வாசிச்சால்தான் ஏதும். ஒராளுக்கு முதல் எடுக்கேலாது."

"எண்டாலும் வரும்தானே?"

"தெரியாது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "தெரியாதெண்டதுக்குத்தானோ உவவைப் படிப்பிச்சவை?"

"ஓம்" என்றார் அக்கா. "அதுக்கும் சேத்துத்தான்."

ரஞ்சன் அண்ணை தினமும் வேலை முடிந்து வந்ததும் அக்காவுக்கு அழைப்பார். அக்கா ஒருநாளும் எடுக்காமல் விட்டதில்லை. இன்று எவ்வளவு வாசித்தது, எங்கே நின்றது, எத்தனை தரம் ஆறவைத்தேன் என்று ஒன்றும் விடாமல் சொல்வார். கடைசியில் அவர் கேட்பார். இவர் தெரியாது என்பார். பிறகு அண்ணை எனக்கு அழைப்பார்.

"உவவுக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கோ, தங்கச்சி? சாகக் கிடக்கிறவனுக்கும் டொக்டர்மார் நல்லாயிருக்கிறீர் எண்டுதானே சொல்லுறவை."

அவர் கோல்டிங்கில் தமிழ்க் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கமராப் பையை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார். சித்திரையில் ஒத்துக்கொண்ட கலியாணத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். "என்னை நம்பித்தானே கசெட்டைத் தந்தவை. நான் கொண்டுபோய்க் குப்பையிலை போட்டனான். இனி எந்த முகத்தோடை ஒரு வீட்டுக்குள்ளை கமரா பிடிக்கிறது?" என்று வசந்தி அக்காவிடம் சொன்னாராம்.

இருவருக்கும் நடுவில் நான் களைத்துப் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை அக்காவே பையை எடுக்க வந்தபோது, எங்கள் குசினி மேசையில் துவாய்களை மடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஒரு சொல் சொன்னால் என்ன, அக்கா? பொய்யெண்டாலும்."

அவர் ஒரு தலையணை உறையை மூலைக்கு மூலை சரி பார்த்து மடித்தார்.

"வரும் எண்டு சொன்னால் அவர் இண்டைக்கு நித்திரை கொள்ளுவார். ஓம். பேந்து வராட்டில் என்ன செய்யிறது? நான் குடுத்ததை முதல் அவரிட்டை இருந்து பறிக்கோணும். அதுக்குப் பிறகு வரேல்லை எண்டு சொல்லோணும். ஒரு மனுசனை ஏன் ரெண்டு தரம் சாக்காட்டுவான்?"

"அவர் இப்பவே செத்துக்கொண்டுதான் இருக்கிறார்."

"அது எனக்குத் தெரியும். அதாலைதான் ஒவ்வொருநாளும் எடுக்கிறன்."

அதற்கு முந்திய மாரியில் எனக்கும் அவருக்கும் இடையில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. என் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், ஒன்றும் இராது என்றார். கணவர் ஒன்றும் இராது என்றார். வேலையிடத்தில் டெ கோ நொக் என்றார்கள். ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று வேறு கதைக்குப் போனார்கள், சுடுசட்டியைக் கீழே வைப்பது போல. அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"தெரியாது" என்றார். "எத்தினை மணிக்குப் போகோணும்? நான் வாறன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி இருக்கையில் அவர் பக்கத்தில் இருந்தபோதுதான், அந்தக் கிழமையில் முதன்முறையாக எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். மற்றவர்களிடம் அதைச் சொல்ல இடமிருக்கவில்லை. அவர்கள் முதலே மூடிவிட்டார்கள். அக்கா, "இருக்கும்தானே" என்றார். பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துப் பாதியைத் தந்தார். பின்னர் கட்டி ஆபத்தில்லாதது என்று தெரிந்ததும் அவருக்குத்தான் முதலில் அழைத்தேன். "சரி, இப்ப தெரியும்" என்றார். 

மூன்றாம் டிஸ்க் பங்குனிக் கடைசியில் முடிந்தது. சில இடங்களை அது கடைசிவரை வாசிக்கவே இல்லை. அக்கா பிரதிகளைச் சேர்த்துப் பெட்டி போலவே அடுக்கித் திறந்தபோது ரஞ்சன் அண்ணையும் வசந்தி அக்காவும் வந்திருந்தார்கள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. எங்கள் எல்லோருடைய பெயர்களும், மணமக்கள் பெயர்களும், ஆண்டுகளும். ரஞ்சன் அண்ணை தன் எழுத்துப் பிழைகளையே பார்த்து அழுதார்.

"வந்திட்டுது! தங்கச்சி, வந்திட்டுது!"

"பேர் வந்திருக்கு" என்றார் அக்கா. "உள்ளுக்கை படம் இருக்கோ எண்டு தெரியாது."

வசந்தி அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அடுத்த நாட்கள் பார்ப்பதில் போயின. ஒவ்வொன்றும் முழுதாக ஓடுகிறதா என்று ஒரு புரோகிராமை வைத்து அக்கா சோதித்தார். அது சந்தேகப்பட்டதையெல்லாம் யாராவது கண்ணால் பார்க்க வேண்டும். நானும் ரஞ்சன் அண்ணையும் வசந்தி அக்காவும் பங்கிட்டோம். நான் வேலையிலிருந்து வந்து இஸ்திரிக்கை போட்டபடி பார்த்தேன். கலியாண வீடியோ எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதே ஹேர்னிங் மண்டபம், அதே வெள்ளிக் குத்துவிளக்கு, மேடையில் ஏறிப் பரிசு கொடுத்துப் படத்துக்கு நிற்கும் அதே வரிசை. ஒரு கலியாணத்தில் தகப்பனின் தோளில் இருந்த பிள்ளை, இரண்டு நாள் கழித்து நான் பார்த்த கலியாணத்தில் மாப்பிள்ளையாக இருந்தான். ஆட்கள் என் இஸ்திரிக்கைக்கு முன்னால் நரைத்துக்கொண்டே போனார்கள். இடையிடையே பச்சைச் சதுரங்கள் வந்து முகங்களை மறைத்துவிட்டுப் போயின. சிலவற்றில் சில கணங்கள் இல்லை. கடைக்காரரின் மகளுக்குத் தாலி இருந்தது, கேக் வெட்டியது இல்லை.

ஒன்றே ஒன்று திறக்கவில்லை. ஹேர்னிங்கில் துணி ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரின் தாயாரின் செத்தவீடு. அக்கா தெரிந்த வழியெல்லாம் முயன்றார். அதுவரை டிஸ்குகளை மேசையிலிருந்து எடுக்கவில்லை, மெஷினும் ஓடவில்லை. திரும்ப ஒருதரம் வாசிக்க வேண்டிவரும் என்று சொன்னார், இரண்டு தரம் வாசித்தும் பார்த்தார்.

"நான் ரெலிபோனிலை சொல்லுறன்" என்றார் ரஞ்சன் அண்ணை.

"இல்லை. போய்ச் சொல்லுவம்."

சித்திரை (ஏப்ரல்) 6, சனிக்கிழமை. ரஞ்சன் அண்ணை தன்னால் கார் ஓட்ட ஏலாது என்றார், என் காரைக் கணவர் கொண்டுபோயிருந்தார், ஆகவே அவரும் அக்காவும் நானும் ஹேர்னிங்குக்கு ரயிலில் போனோம்.  வெளியே வயல்களில் எரு அடித்திருந்தார்கள், ரயில் பெட்டிக்குள்ளும் மணத்தது.

அந்த அண்ணை கதவைத் திறந்து எங்களை இருக்க வைத்தார். எழுபதைத் தாண்டியவர். ரஞ்சன் அண்ணை இருக்காமல் நின்றபடியே சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, வந்தவரைச் சாந்தப்படுத்த வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"பரவாயில்லை, தம்பி. அதுக்கு இப்ப என்ன? இரும், தேத்தண்ணி குடிப்பம்."

"பரவாயில்லை எண்டு சொல்லாதேங்கோ, அண்ணை" என்றார் அக்கா. "அது உங்கடை அம்மா."

 அண்ணை எழுந்த மாதிரியே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக இருந்தார். அக்காவை நன்றாகப் பார்த்தார்.

"நீர்தானே அந்தத் தெரியாதக்கா?"

"ஓம்."

"ஒரு துண்டும் இல்லையோ?"

"இல்லை."

"தெரியாதோ, இல்லையோ?"

"இல்லை, அண்ணை. இது தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு ரஞ்சன் அண்ணையிடம் திரும்பினார். அடுத்து வந்தது நான் எதிர்பார்க்காதது.

"மடையா! நாள் பாத்தோடா டிஸ்கை இழுத்தனீ? உன்னை நம்பி அந்தக் கசெட்டை நான் தந்தனான். கனடாவிலை இருந்து என்ரை தங்கச்சி வரேலாமல் அந்தப் படத்தைத்தான் பாத்துப் பாத்து அழுதவள். அண்டைக்குச் சினோ கொட்டி நிலமெல்லாம் வெள்ளை. அம்மாவைக் காவிக்கொண்டு போகேக்கை என்ரை கால் வழுக்கினது, நீ கமராவைக் கீழை போட்டிட்டு ஓடிவந்து பிடிச்சனீ. நினைவிருக்கோ உனக்கு?"

"நினைவிருக்கு, அண்ணை."

"அது அதிலை இருந்தது. படம் சரிஞ்சு, வெறும் சினோவும் சப்பாத்துகளும். அம்மாவைப் பிடிச்சது நீ."

ரஞ்சன் அண்ணை அப்போதுதான் இருந்தார். வீட்டுக்காரர் இன்னும் திட்டினார், இடையில் அழுதார், தாயாரைப் பற்றிச் சொன்னார், மறுபடி திட்டினார். ரஞ்சன் அண்ணை எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். நாலு கிழமையாக யாரும் அவரைத் திட்டவில்லை. எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். அவருடைய தோள்கள் இறங்குவதை நான் பார்த்தேன். எழுந்து பார்த்தபோது அக்காவைக் காணவில்லை. குசினிக்குள் கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது.

திரும்பும் ரயிலில் ரஞ்சன் அண்ணை யன்னலோரம் நித்திரையாகிவிட்டார். வைலேயில் நாங்கள் இறங்கும்போது எழுப்பினோம், அவர் கோல்டிங் போக வேண்டும். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்தநாள் ஞாயிறு. காலை தேத்தண்ணி குடிக்க முதலே, தோய்த்து மடித்த கடைசி நீலப் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பின்கதவால் உள்ளே போகும்போதே காலடித் தரை அதிர்ந்தது. மேசை சுவரோடு மடித்துச் சாத்தியிருந்தது. யன்னல் பூட்டியிருந்தது. அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, "பையை உதிலை வையும்" என்று கையால் காட்டினார். இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

என் தொலைபேசி அடித்தது. ரஞ்சன் அண்ணை.

"தங்கச்சி, எங்கை நிக்கிறீர்? அதென்ன சத்தம்?"

"அக்கா வீட்டை, அண்ணை. உடுப்பு மெஷின் ஓடுது."

அவர் மெஷின் சுழன்று வேகமெடுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு தொலைபேசியை விலக்கிப் பிடித்து உள்ளே கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

"வசந்தி, அந்த ஏணியைக் கொண்டாரும். கமராப் பையை இறக்கோணும்."